புகைக் குழாய் திரும்பிய பக்கம்

சாமான் கொட்டகை பளிச்சென்று இருக்கிறது. பழைய பேப்பர் கட்டுகளும் பெயின்ட் டப்பாக்களும் மண்ணெண்ணெய்க் கேனும் வெளியேறிவிட்டன. புதுச் சிமெண்டுத் தரை. சுவரின் அடியில் காற்றுக்குத் துளைகள். கதவருகே வாளி நிறைய மணல். நடுவில், படுக்கையிலிருக்கும் பெரியவரின் ஆக்சிஜன் மெஷினுக்காகவே வாங்கிய ஜெனரேட்டர். தெருப்பக்கச் சுவரில் மட்டும் உள்ளங்கையளவு ஈரப் பூச்சு. புகைக் குழாய் நேற்றுவரை அந்த வழியாகத்தான் போனது. “இப்பத்தான் வெள்ளையடிச்சோம், சுவரெல்லாம் கரியாயிடும்” என்று மருமகள் முகம் சுளித்ததில், காலையில் பின்பக்கம் திரும்பிவிட்டது.

“அங்க அப்பா ரூம் ஜன்னல் இருக்கே சார்,” என்கிறார் எலக்ட்ரீஷியன், சாவியைத் திருகாமல்.

“நாள் முழுக்கவா ஓடப்போகுது? போடுங்க தம்பி,” என்கிறார் மகன்.

தரை அதிர்கிறது. வாளியின் கைப்பிடி கிணுகிணுக்கிறது. கொட்டகைக்குள் பொட்டுப் புகை இல்லை. மகன் மூக்கை உறிஞ்சிப் பார்த்துத் தலையாட்டிக்கொள்கிறார். பின்பக்கம் சாம்பல் நிறப் புகை, வெயிலில் சற்றுத் தயங்கி நின்று, ஜன்னல் கம்பிகளைத் தடவுகிறது. திரைச்சீலை மெல்ல உள்வாங்குகிறது.

“அப்பா! இனிமே கரண்ட் போனாலும் கவலையே இல்ல!” கொட்டகை வாசலிலிருந்து மகன் கத்துகிறார்.

உள்ளே, தலைமாட்டில் பச்சை விளக்கு எரிய, மெஷின் அந்த அறையின் காற்றை இழுத்து இழுத்துப் பெரியவரின் மூக்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.