பின்னணியில் இரைச்சல்

“இதையும் நீங்களே வெச்சுக்கோங்க” என்று மைக்கைக் கடை மேசைமேல் பொத்தென்று போட்டார் அவர். “ஒரே வாரத்துல மூணு தடவை வந்தாச்சு. ஏமாத்திப் பொழைக்கிறதும் ஒரு பொழப்பா?”

கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஹெட்போன் விலை கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அவருக்குப் பின்னால் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற மகளுக்குத்தான், பாவம், முகம் சுருங்கிப் போனது.

“மெதுவா பேசுங்க சார். என்ன ஆச்சு?”

“இன்னும் என்ன ஆகணும்? மைக்கு மட்டமா இருக்கும்னீங்க, மாத்தினோம். அப்புறம் லேப்டாப்போட சவுண்டே அவ்வளவுதான், வெளியில ஒரு சவுண்ட் கார்டு மாட்டுங்க, இருக்கிறதுலயே விலை குறைஞ்சது போதும்னீங்க. அதையும் மாட்டியாச்சு. கொர்ருங்கிற சத்தம் இம்மி குறையல.”

மகளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பள்ளிப் பாடங்களை வாசித்து ஒலிப்பதிவாக அனுப்ப வேண்டும். இரண்டு முறை மாதிரி அனுப்பினாள். இரண்டு முறையும் ‘குரல் அருமை. பின்னணியில் இரைச்சல்’ என்று திருப்பிவிட்டார்கள். கடைசி வாய்ப்பு இன்று சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது. மணி இப்போதே மூன்றரை.

“என் பொண்ணுக்கு வர்ற வேலை உங்களால போகப் போகுது” என்றார் அவர். “மேல டப்பா அழகா இருந்தா போதும், உள்ள என்ன இருக்குன்னு இவங்களுக்கா தெரியப்போகுதுன்னு ஒரு நினைப்பு.”

கடைக்காரம்மாவுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. “அப்படி வித்திருந்தா பதினோரு வருஷம் இந்தக் கடை ஓடியிருக்காது. லேப்டாப்பை இப்படிக் குடும்மா.”

சார்ஜரைக் கடையின் பிளக்கில் செருகினாள். அவர் வீசிய அதே மைக், அதே சவுண்ட் கார்டு. “ரெண்டு வரி படி” என்றாள்.

மகள் படித்தாள். மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதைப் பற்றிய பாடம். போட்டுக் கேட்டபோது குரல் அலம்பிவிட்ட மாதிரி வந்தது. குரல் நின்றதும் ஓர் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை.

“பாத்தியா” என்று மகளிடம் எகிறினார் அவர். “கடைக்கு வந்தா மட்டும் வாலைச் சுருட்டிக்கிட்டு இருக்குது.”

“அப்போ கோளாறு உங்க வீட்டுல சார். கரண்ட் லைன் எப்படி?”

“அந்தப் பேச்சே வேணாம்.” அவர் முகம் சிவந்தது. “லைன் நூத்துக்கு நூறு சரியா இருக்கும்.”

மகளும் தலையாட்டினாள். “ஆமாக்கா. அதுல குறையே சொல்ல முடியாது.”

கடைக்காரம்மா அவரை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். “வீட்டுல சார்ஜரைக் கழட்டிட்டுப் பேசிப் பாத்தியா?”

“அப்போ சத்தம் நின்னுடும்க்கா. ஆனா பேட்டரி பத்து நிமிஷம்கூட தாங்காது.”

“சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பைத் தொட்டா?”

“லேசா விறுவிறுங்கும். பழகிடுச்சு.”

கடைக்காரம்மா மைக்கைக் கீழே வைத்தாள். இப்போது அவள் கோபம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

“பழகிடுச்சா? நல்லா இருக்கே. உங்க வீட்டுப் பிளக்குல மூணாவது ஓட்டை சும்மா இருக்கும்மா. எர்த் வயரே இழுக்கல. மைக்குல வர்ற இரைச்சல் அதான். நீங்க இன்னும் பத்து மைக் மாத்தினாலும் போகாது.”

“லைட்டெல்லாம் எரியுதே” என்றார் அவர். சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது.

“எரியும் சார். ஃபேன் சுத்தும், மிக்ஸி அரைக்கும், எல்லாம் ஓடும். அந்தத் தைரியத்துலதானே விட்டுடறானுங்க. மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முறுக்கிட்டா யாரு கழட்டிப் பாக்கப் போறா? இரைச்சலா வந்ததே உங்க நல்ல நேரம். நாளைக்கு வாஷிங் மெஷின்ல கரண்ட் கசிஞ்சா அது சத்தம் போட்டுச் சொல்லாது. ஈரக் கையோட ஒரு குழந்தை தொட்டா, அவ்வளவுதான்.”

அவர் மைக் வயரை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்ற ஆரம்பித்தார்.

“என் கடைக்கு வந்து கத்தினீங்கல்ல, அதை அந்த வயரிங்காரன் வீட்டு வாசல்ல போய்க் கத்துங்க” என்றாள் கடைக்காரம்மா. “அவனைச் சும்மா விடாதீங்க. நீ வாம்மா. உள் ரூம்ல நல்ல பிளக் இருக்கு. அங்கயே உக்காந்து முழுசாப் படிச்சு அனுப்பிட்டுப் போ. நேரம் இருக்கு.”

“நீ போ” என்றார் அவர், மகளைப் பார்க்காமலே. “நான் வெளியில நிக்கிறேன்.”

மகள் போகவில்லை. லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள். இத்தனை நாள் பார்க்காத ஒருவரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள்.

“அப்பா, நம்ம வீட்டுக்கு மட்டுமா, இல்ல நீங்க வயரிங் செஞ்ச அத்தனை வீட்டுக்குமா?”