உங்க வெர்ஷன் என்னம்மா?

“பதறாதீங்கம்மா, நான் இருக்கேன்ல? கீபோர்டுல கீழ் வரிசையில, இடது பக்கமா, ஜன்னல் படம் போட்ட பட்டன் ஒண்ணு இருக்கும் பாருங்க.”

“ஜன்னலா? வெயில் அடிக்குதேன்னு இப்பதான் தம்பி சாத்திட்டு வந்தேன்.”

சர்வீஸ்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். காலையிலிருந்து ஏழு பேரிடம் பேசியாயிற்று. இந்த அம்மா ஒருத்தியே அந்த ஏழு பேருக்குச் சமம். ஆனாலும் குரலில் தேன் குறையவில்லை.

“அந்த ஜன்னல் இல்லம்மா, கீபோர்டுல. அதை அழுத்திக்கிட்டே ஆர் எழுத்தைத் தட்டுங்க. சின்னதா ஒரு பெட்டி வரும். அதுல டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர்னு அடிச்சு என்டர் தட்டுங்க. உங்க விண்டோஸ் எந்த வெர்ஷன்னு அதுவே சொல்லிடும்.”

“இருப்பா, ஒவ்வொண்ணா சொல்லு. இந்த டபிள்யூ எங்க போய் ஒளிஞ்சிருக்குன்னு தேட வேணாமா?”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஃபேனைக் கொஞ்சம் கூட்டினான். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் பழைய ஸ்பீக்கர் ஒன்று. அதிலிருந்து நாற்பது பேர் போனில் பேசுகிற இரைச்சல் வந்துகொண்டிருந்தது. பதிவு செய்து வைத்த இரைச்சல். கேட்பவருக்குப் பெரிய ஆபீஸ் என்று தோன்ற வேண்டுமே!

உண்மையில் எந்தக் கம்பெனியும் அவனை வேலைக்கு வைத்திருக்கவில்லை. ‘உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்துடுச்சு’ என்று அவனாகவே போன் போடுவான். வெர்ஷனைக் கேட்பான், ராம் எவ்வளவு என்று கேட்பான். தங்கள் வாயாலேயே நாலு நம்பரைப் படித்துவிட்டால் போதும், டாக்டர் நாடி பிடித்துப் பார்த்த மாதிரி ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும். அப்புறம் பேங்க் பாஸ்வேர்டு வரை வழுக்கிக்கொண்டு போகலாம். வீட்டில் அவன் மனைவி, ‘எங்க வீட்டுக்காரருக்கு மேனேஜர் உத்தியோகம்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, பெட்டி வந்துடுச்சு. ஆனா எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. கண்ணாடியை எங்க வெச்சேன்னே தெரியல. படம் பிடிச்சு அனுப்பிடறேன், நீயே பார்த்துக்க. உன் மெயில் சொல்லு.”

சொன்னான். இரண்டு நிமிடத்தில் வந்தது. கம்ப்யூட்டரில் தட்டித் திறந்தான். திரை கண் சிமிட்டுகிற மாதிரி ஒரு தரம் இருண்டு வெளிச்சமானது. படத்தைக் காணோம்.

அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் பதிவு தீர்ந்துபோனது. நாற்பது பேரும் ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டார்கள்.

“என்னப்பா, எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்களா?”

“டீ டைம்மா!” அவன் பாய்ந்து பதிவை மறுபடி ஓடவிட்டான். “படம் ஒண்ணும் வரலைம்மா.”

“எனக்கு அதெல்லாம் சரியா வராதுப்பா. விடு, கண்ணாடி கிடைச்சுடுச்சு, நானே படிக்கறேன். விண்டோஸ் பத்து. வெர்ஷன் இருபத்திரண்டு எச் ரெண்டு.”

“அடடா, ரொம்பப் பழசாச்சேம்மா! வைரஸ் புகுந்ததே இதனாலதான்.” நாற்காலியை ஃபேன் பக்கம் திருப்பி, நோட்டை மடியில் வைத்துக்கொண்டான். “இப்ப செட்டிங்ஸ் போங்க. அதுல சிஸ்டம். அதுக்குள்ள கடைசியா அபௌட்னு…”

“வந்துடுச்சு.”

“அதுக்குள்ளயா? பரவாயில்லையே, கத்துக்கிட்டீங்களே!”

“சொல்லிக்குடுக்கறவர் நல்லவரா இருந்தா வராதா என்ன? எழுதிக்க. பிராசசர் ஐ ஃபைவ். ராம் எட்டு ஜிபி. அறுபத்திநாலு பிட்.”

நம்மிடம் இருப்பதைப் போலவே ஒரு ஓட்டை வண்டி என்று நினைத்துக்கொண்டே எழுதினான். இன்னும் ஐந்து நிமிடம். அப்புறம் பாஸ்வேர்டு.

“மேல டிவைஸ் நேம்னு ஒண்ணு இருக்கே, அதையும் படிக்கட்டுமா?”

“படிங்கம்மா.”

“‘சிங்கக்குட்டி’ன்னு போட்டிருக்கு. யாரோ ஆசையா வெச்ச பேரு போல.”

பேனா நின்றது. சிங்கக்குட்டி என்பது அவனுடைய மூன்று வயது மகளின் செல்லப் பெயர். இந்தக் கம்ப்யூட்டர் வாங்கிய அன்று, அவளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு அவன்தான் அந்தப் பெயரை அடித்தான்.

மெல்ல நாற்காலியைத் திருப்பினான். மவுஸை யாரும் தொடவில்லை. ஆனால் திரையில் அபௌட் பக்கம் விரிந்து கிடந்தது. அம்புக்குறி தானாக நகர்ந்து, சின்னப் பிள்ளை விரல் வைத்துப் படிப்பதுபோல, வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தது.

“அம்மா… நீங்க யாரு?”

“இருபத்தெட்டு வருஷ போலீஸ் உத்தியோகம்ப்பா. பத்து நாளா உன் போனுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன். நீ திறந்த அந்தப் படம் வழியாத்தான் உன் கம்ப்யூட்டருக்குள்ள வந்து, இடத்தையும் கண்டுபிடிச்சோம்.” அந்தக் குரலில் இப்போது துளி தடுமாற்றம் இல்லை.

கதவை யாரோ தட்டினார்கள்.

“திற தம்பி, எங்க ஆளுங்கதான்.”