காற்று பார்த்துக் குறித்த முகூர்த்தம்

வெயில் அளவு மீறித் தெருக்கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் தெருவில் கால் வைக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, திருவொற்றியூரில் கல்யாணத்துக்கு யாரும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. காஞ்சனமாலாவைத்தான் கேட்பார்கள். மொட்டைமாடியில் வெப்பமானியும் காற்றுமானியும் வைத்துக்கொண்டு வானிலையோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். இன்று அவளுக்கே கல்யாணம். முகூர்த்தத்தையும் அவளேதான் குறித்திருந்தாள்: சாயங்காலம், கடற்காற்று ஊருக்குள் நுழையும் நேரம்.

மாசியிலேயே கத்திரி வெயில் வந்துவிட்டது. முகூர்த்த நேரம் தாண்டியும் ஓர் இலை அசையவில்லை, சிவப்பும் அணையவில்லை. தெருவின் எதிர்வரிசைக் கல்யாண மண்டபத்து ஜன்னலில் மாப்பிள்ளை முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றான்.

கூரைப்புடவை முதுகில் ஒட்ட, காஞ்சனமாலா தன் வீட்டு மாடியில் வெப்பமானியின் முன்னால் குந்தியிருந்தாள்.

“ஊருக்கெல்லாம் கரெக்டா சொல்லுவ. உனக்குன்னு வரும்போது கோட்டை விட்டுட்டியேடி!” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அம்மா, மாசி மாசத்துல இவ்ளோ புழுக்கம் இதுக்கு முன்னாடி வந்ததே இல்லம்மா!” காஞ்சனமாலாவுக்கு வாயெல்லாம் பல்.

“மேக்கப் கரைஞ்சு ஊத்துது, இவளுக்குப் புழுக்கம்தான் பெருசு!”

அப்போது கொடியில் கிடந்த துண்டு லேசாக உப்பியது. கிழக்கேயிருந்து உப்பு வாசனை வந்தது. காற்றுமானி முனகிச் சுழன்றது. சற்றைக்கெல்லாம் கம்பத்து விளக்கு பச்சைக்கு மாறியது.

மணப்பெண் கைப்பிடிச் சுவரில் எக்கி, தெருவே அதிரக் கத்தினாள்.

“கெட்டி மேளம்! கெட்டி மேளம்!”

மண்டபத்து ஏசியை விட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் தெருவுக்கு ஓடிவந்தது. முதல் ஆளாக, கையில் தாலியோடு மாப்பிள்ளை.