சிலை முன்னால் ஒரு சாப்பாடு

இன்றைக்கும் வந்துவிட்டாள்.

காவலாளி வாசலிலிருந்தே பார்த்துவிட்டார். பெரும்பஞ்சத்தில் செத்துப்போனவர்களுக்காக எழுப்பிய நினைவிடம் அது. எலும்பும் தோலுமாக ஏழு வெண்கலச் சிலைகள். அதில் முன்னால் நிற்கிற தாயின் காலடியாகப் பார்த்து உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறப்பாள் இந்தத் தையல்காரி. பத்து நாளாக இதே கூத்து.

திறந்ததும் சாப்பிட்டுத் தொலைத்தாலும் பரவாயில்லை. பாக்ஸைச் சிலையின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டிவிட்டுத்தான் முதல் வாய்.

பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? மூன்று புகார் போய்விட்டது. "இன்னொரு தடவை அங்க யாராவது சாப்பிட்டா, நீ வேற வேலை பார்த்துக்க" என்று நினைவிடத்து அதிகாரியம்மா நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார். இன்று மதியம் நேரில் வருகிறாராம்.

காவலாளி விறுவிறுவென்று போனார்.

"ஏம்மா, உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"இங்கதாண்ணே சாப்பிடணும்."

"பசியில செத்தவங்களுக்கு முட்டைச் சோத்தைத் தூக்கிக் காட்டுறியே, மனசாட்சி இருக்கா? உன்னால என் பொழப்பு போயிடும்போல. மூடு முதல்ல."

கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே அவள் மூடியை அழுத்தினாள். பாதிதான் சாப்பிட்டிருந்தாள்.

"இவங்கதானா?"

பின்னால் அதிகாரியம்மா. காவலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார்.

தையல்காரியே எழுந்தாள். "அண்ணன் மேல தப்பில்லைங்க மேடம். சொன்னாரு, மூடிட்டேன். இனிமே வரலை."

"எதுக்கும்மா இப்படிப் பண்றீங்க?"

பெயர்கள் செதுக்கிய சுவரைக் காட்டினாள்.

"நாலாவது வரிசையில ஒரு அம்மா பேரும் அஞ்சு பிள்ளைங்க பேரும் இருக்கு. ஆறாவது பிள்ளை பேரு இருக்காது. அஞ்சும் போனப்புறம், கடைசியாக் கிடைச்ச ஒரு பிடி சோத்தை அந்தம்மா தான் தொடாம அதுக்கு ஊட்டிட்டாங்க. அது பொழச்சிடுச்சு. அந்தப் பிள்ளைதான் எங்க பாட்டியைப் பெத்த அம்மா."

பிறகு சிலையின் பக்கம் திரும்பினாள்.

"வேலைக்குன்னு இப்பத்தான் இந்த ஊருக்கு வந்தேன். அந்தம்மாவுக்கு போட்டோ எதுவும் இல்லைங்க. இந்த முகத்தைத்தான் அவங்கன்னு நினைச்சுக்கிட்டேன். நீ ஊட்டின பிடி வீணாப் போகலை, உன் வழியில முப்பது பேர் வயிறார சாப்பிடுறோம்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

காவலாளிக்கு அந்த வெண்கல முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதிகாரியம்மா அவள் தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார். டிபன் பாக்ஸைத் தானே திறந்து பார்த்தார்.

"பாதி அப்படியே இருக்கே. மிச்சம் வெக்காம சாப்பிடுங்க. அம்மா பார்த்துக்கிட்டிருக்காங்க இல்ல."