உடைத்தவர் வாங்கும் போண்டா

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கைதட்டினார்கள்.

அவள் தலையைத் திருப்பவில்லை. திருப்பாமலே தெரியும். யாரோ எழுந்து நின்று, "என்னாலதான்" என்று சொல்லியிருப்பார்கள்.

அங்கே அதற்குத்தான் கைதட்டு. வேலையில் எதையாவது உடைத்தவர் ஒப்புக்கொண்டு, கீழே போய் எல்லாருக்கும் போண்டா வாங்கிவர வேண்டும். அவ்வளவுதான் தண்டனை. தப்பை மறைக்க ஒருவருக்கும் தோன்றக்கூடாது என்று அவள் ஆரம்பித்துவைத்த வழக்கம். பஸ் டிக்கெட் மென்பொருளை ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

இப்போது இரண்டு மாடி. ஆட்கள் பெருகியதும் குழுக்களைப் பிரிக்கச் சொன்னது அவள்தான். பழைய ஆட்களுக்குத் தலைவனாக நௌஷாத்தைக் கைகாட்டியதும் அவள்தான்.

போண்டாவும் அவர்களோடு போய்விட்டது.

அவளுடைய புதுக் குழு குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறது. நல்ல பிள்ளைகள். எதையும் உடைப்பதில்லை. உடைத்தாலும் சொல்வதில்லை.

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். அதற்குக் கௌரவமான பெயர் ஏதாவது வைக்கலாமா என்று யோசித்துப் பார்த்துவிட்டாள். கிடைக்கவில்லை. பொறாமைதான்.

இன்று காலை, மென்பொருளில் அவர்கள் வெளியிட இருந்த மாற்றத்தைத் திறந்து பார்த்தாள்.

யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தோன்றியதைச் சொல்லலாம். ஆனால் அடுத்த குழுவின் முடிவைத் தடுக்கக்கூடாது. இதுவும் அவள் போட்ட விதி.

ஓர் இடத்தில் கண் நின்றது. இதை இப்படியே அனுப்பினால், ரத்தான இருக்கைகள் மறுபடி விற்பனைக்கு வராது. அடியில் இருக்கும் பழைய நிரல் அவள் எழுதியது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

எச்சரித்து ஒரு வரி எழுதினால் போதும்.

விழட்டும் என்று இருந்தது. ஒரே ஒரு தடவை விழட்டும். எழுந்து என்னிடம் வரட்டும்.

மூடிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

மதியம் மென்பொருள் விழுந்தது. காலி இருக்கைகளோடு பஸ்கள் கிளம்பின. போனை மேசைமேல் திரை தெரிய வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

யாரும் வரவில்லை. அவர்களே கண்டுபிடித்தார்கள். அவர்களே சரிசெய்தார்கள். புதிதாகச் சேர்ந்த கனிஷ்கா எழுந்து நின்றாளாம். அதற்குத்தான் இந்தக் கைதட்டு.

கொஞ்ச நேரத்தில் நௌஷாத் தட்டோடு வந்தான். இரண்டு போண்டா, ஓரத்தில் சட்னி.

"காலையில நீங்க தொறந்து பாத்தது பதிவுல தெரிஞ்சுதுங்கக்கா. நீங்களே ஒண்ணும் சொல்லலையேன்னுதான் தைரியமா அனுப்புனோம்."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தட்டை வைத்துவிட்டு அவன் போய்விட்டான். அவள் அதைத் தொடவில்லை. பையிலிருந்து பர்சை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"மேல இப்பத்தானுங்க ஒரு பொண்ணு வாங்கிட்டுப் போச்சு" என்றார் கடைக்காரர்.

"தெரியுங்க. அதே அளவு மறுபடி போடுங்க."

எண்ணெய் ஊறிய பொட்டலங்களை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடி ஏறினாள். அந்தப் பக்கத்துக் கதவைத் தோளால் தள்ளினாள்.

இன்னொரு சுற்றா என்று யாரோ சிரித்தார்கள். கனிஷ்கா வாய் நிறைய போண்டாவோடு திரும்பினாள்.

நௌஷாத்தும் சிரித்துக்கொண்டுதான் நிமிர்ந்தான். அவன் பார்வை பொட்டலங்களில் நின்றது. பிறகு மெதுவாக அவள் முகத்துக்கு வந்தது.

அவன் சிரிப்புதான் முதலில் நின்றது.