மடி நிலை, நெஞ்சு நிலை

"எடுங்க!"

நீலாம்பாள் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கி அடித்தாள். சிவானந்தத்தின் வலது கை வேட்டி மடிக்குள் பாய்ந்தது, வெளியே வந்தது, பலாமரத்தை நோக்கி நீண்டது. கூடவே வேட்டியும் அவிழ்ந்தது.

"பன்னி இதப் பாத்தே ஓடிரும். பிஸ்டலே வேண்டாம்," என்றாள் நீலாம்பாள்.

"மிண்டாம இரு நீலா. மடி நிலைதான் உள்ளதிலேயே கஷ்டமாக்கும். மொபைல் வீடியோவுல அந்த வெள்ளக்கார சாயிப்பு பெல்ட்டுல சொருகி வச்சு எடுக்கான்."

"ஒங்களுக்கும் ஒரு பெல்ட்டு வாங்குனா என்ன?"

"எங்க அப்பா காலத்துப் பிஸ்டல். அதுக்கு வேட்டிதான் பழக்கம்."

கேரள எல்லையில், வெள்ளறடைப் பக்கம் காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. சிவானந்தத்தின் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் பாதி ஏற்கெனவே போய்விட்டது. பன்றியைச் சுட, துப்பாக்கி லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பஞ்சாயத்து தேடிக்கொண்டிருந்தது. போட்டியில் இரண்டே பேர். ஒருவர் பட்டாளத்திலிருந்து வந்த சோமன். மற்றவர் தாலுகா ஆபீஸில் ஓய்வு பெற்ற சிவானந்தம்.

பன்றி கிழங்கைத் தின்றதுகூடச் சிவானந்தத்தை அவ்வளவு வருத்தவில்லை. சாயாக்கடையில் பத்துப் பேர் முன்னால் சோமன் கேட்டதுதான் வருத்தியது: "பேனா பிடிச்ச கை தோக்கு பிடிக்குமா? நடுங்காதா?"

அந்தக் கை நடுங்குகிறதா இல்லையா என்று நேரில் பார்த்துப் பெயரை முடிவு செய்ய, வார்டு மெம்பர் பிரசீதா இன்று மாலை வருகிறாள்.

"அடுத்தது நெஞ்சு நிலை. தட்டு!" என்றார் சிவானந்தம்.

முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே சேர்த்துப் பிடித்தார்.

"சாமி கும்பிடுத மாதிரி இருக்கு," என்றாள் நீலாம்பாள்.

"இங்கேருந்து நேரே நீட்டினா குறி தப்பாது. தட்டுட்டீ!"

தட்டினாள். கை நீண்டது. இம்மியும் நடுங்கவில்லை.

"கை கொள்ளாம், நல்லா நிக்கு. ஆனா பனியன் முழுக்கச் செம்மண்ணு. இதையெல்லாம் ஆரு தொவைக்க? அடுப்புல கெழங்கு வேவுது, நான் போறேன்."

"இரு, தாழ்வு நிலை பாக்கி உண்டு."

அவர் முனையைத் தரைக்குச் சரித்து நின்றபோது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பிரசீதா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"சாரே, அத அந்தப் பக்கம் திருப்புங்கோ! எனக்கு ரெண்டு பிள்ளேளு உண்டு!"

"பயப்படாண்டாம் மெம்பரே," என்றாள் நீலாம்பாள். "இதுல குண்டு கெடையாது."

"அதுல துவர்த்துத் துண்டு எதுக்குச் சுத்தியிருக்கு?"

"கை வேர்வ பட்டாத் துருப்பிடிக்கும்," என்றார் சிவானந்தம் கம்பீரமாக. "பழைய சாதனமாக்கும்."

பிரசீதா வாழைமரத்துக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றுகொண்டாள். ரோட்டில் ஓட்டுக் கேட்டு ஒரு ஜீப் அலறிக்கொண்டு போனது. அது கடந்ததும் நீலாம்பாள் தட்டில் அடித்தாள்.

தாழ்வு நிலையிலிருந்து ஒன்று. நெஞ்சு நிலையிலிருந்து ஒன்று. மடி நிலையிலிருந்தும் ஒன்று. இந்த முறை வேட்டி நின்றது. மூன்று முறையும் கை கல்லாக இருந்தது.

"சோமண்ணன் சும்மா சொல்லுதாரு," என்று பிரசீதா வாழைமரத்தை விட்டு வெளியே வந்தாள். "கை அசையவே இல்லையே! சாருக்க பேரையே சொல்லிரலாம்."

சிவானந்தத்தின் மார்பு விரிந்தது. அப்போதுதான் தோட்டத்துக்குள் சடசடவென்று கம்புகள் முறிந்தன.

வெயில் தாழும் முன்பே, ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு, மூக்கெல்லாம் மண்ணோடு வந்து நின்றது பன்றி.

"அய்யோ சாரே, வெடி வைங்கோ!" பிரசீதா துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறிவிட்டாள். "குண்டு போட்டு வெடி வைங்கோ!"

பயிற்சி வீண்போகவில்லை. சிவானந்தத்தின் கை தானாகவே நெஞ்சுக்கு வந்தது, நீண்டது, குறி பார்த்தது. பன்றியும் அவரைப் பார்த்தது. முனை பன்றியின் இரண்டு கண்களுக்கும் நடுவில் அசையாமல் நின்றது.

"ஏன் நிக்கிய?" என்று நீலாம்பாள் அலறினாள். "ஓடுங்க!"

பன்றி ஓரடி முன்னால் வைத்தது. சிவானந்தம் கையிலிருந்ததை அதன் மேல் வீசிவிட்டு, சாயிப்பு சொல்லிக்கொடுக்காத வேகத்தில் பலாமரத்தில் ஏறினார். வேட்டி கீழேயே தங்கிவிட்டது.

காற்றில் துவர்த்து தனியாகப் பிரிந்தது. விழுந்ததைப் பன்றி மோந்து பார்த்தது. பிறகு வாய்க்குள் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு, கறுக் முறுக்கென்று மென்றது. முழுதும் தின்று முடித்து, இன்னும் உண்டா என்பதுபோல மரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரப்பர் தோட்டத்துக்குள் போய்விட்டது.

கல்லின் மேலிருந்தே பிரசீதா கூவினாள்.

"நீலா சேச்சி... பன்னி பிஸ்டலத் தின்னுட்டே!"

"ஒரிஜினல் பிஸ்டல், எலெக்‌ஷன்னு சொல்லி போலீஸ் வாங்கி வச்சு, மாசக் கணக்கா ஸ்டேஷன்ல கெடக்கு மெம்பரே," என்றாள் நீலாம்பாள். நிதானமாகத் தோட்டத்துக்குள் நடந்து ஒரு மரச்சீனிச் செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, பலாமரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இதுல ஒரு கெழங்கு நல்ல வளைஞ்சிருக்கு. எறங்கி வந்து, பிடி சரியாட்டு இருக்கான்னு பாருங்க."