வாடிக்கையாளரோடு ஒரு படம்

"வாடிக்கையாளர் ஒருத்தராவது பக்கத்துல நிக்கணும்மா. அப்பத்தான் கடன் ஆகும்" என்றார் வங்கி அதிகாரி, இறுதிச் சடங்கு நிலையத்தின் வாசற்படியைத் தாண்டாமலே கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி.

உரிமையாளர் தன் பெயர்ப்பலகையின் கீழே தனியாக நின்றாள்.

சிறுதொழில்களுக்கு அரசே ஜாமீன் நின்று வாங்கித் தரும் கடன் அது. வந்தால் உடலை வைக்கும் குளிர்பதனப் பெட்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கலாம். வராவிட்டால், இருக்கிற வரும்படியெல்லாம் வாடகைப் பெட்டிக்கே போய், கதவை இழுத்து மூட வேண்டியதுதான்.

தொழில் நடக்கிறது என்பதற்குச் சான்றாக ஒரு படம். தையற்கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் உள்ள அதே விதி. இவளுடைய வாடிக்கையாளர்கள் எழுந்து நிற்கமாட்டார்கள் என்பது விதி எழுதிய பெருமக்களுக்குத் தோன்றவில்லை.

அவள் தெருவில் இறங்கினாள்.

தையற்காரரின் தகப்பனைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, தலைவாரி அனுப்பியவள் இவள். மகனோ இவளைக் கண்டதும் அளவு நாடாவோடு கடையின் உள்ளறைக்குப் போய்விட்டார்.

மருந்துக்கடைக்காரர் வாய்விட்டே சிரித்தார். "உன்கூடப் படத்துல நின்னா, ஊரே எனக்கு நாள் குறிச்சிடும். ஆளை விடும்மா!"

உயிர் போனபின் அவளுடைய கை வேண்டும். உயிர் இருக்கும்வரை அவளுடைய நிழல்கூட ஆகாது! இந்தத் தெருவில் அவள் தோள் கொடுக்காத வீடு எது? அவளை உட்காரச் சொன்ன வீடுதான் எது? முகம் அறியாத அரசாங்கம் அவளை நம்பி ஜாமீன் நிற்கிறது. முகம் அறிந்த மனிதர்கள் அவள் அருகில் நிற்க அஞ்சுகிறார்கள்!

வெறுங்கையோடு திரும்பினாள். அதிகாரி வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டிருந்தார்.

"நான் நிக்கிறேன் தங்கச்சி."

கூடத்தின் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். காலையிலேயே வந்து உட்கார்ந்தவர். வீட்டில் யாருக்கோ முடியவில்லை, செலவு விசாரிக்க வந்திருக்கிறார் என்று அவள் எண்ணியிருந்தாள். தேய்த்த சட்டை. மழித்த முகம். சீப்பின் தடம் கலையாத நரை.

தங்கச்சி! அந்தச் சொல் அவளைத் தேடி வந்து எத்தனை காலம்!

அவர் வந்து நின்றார். ஆனால், ஒட்டி நிற்கவில்லை. ஒரு முழம் இடம் விட்டு, விறைப்பாக, நேரே பார்த்து நின்றார்.

இவரும் அப்படித்தானா?

படம் எடுத்தாயிற்று. இனிக் கடனுக்குத் தடையில்லை என்றார் அதிகாரி. படத்தை அவளுடைய கைப்பேசிக்கும் அனுப்பிவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

நன்றிகூடச் சொல்லத் தோன்றாமல், தொழிலுக்கென்று வைத்திருக்கும் குரலில் அவள் கேட்டாள், யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று.

"எனக்குத்தான்மா. டாக்டர் கையை விரிச்சிட்டாரு. எடுத்துப் போட நமக்கு ஆள் கிடையாது, முன்கூட்டியே சொல்லி வச்சிட்டுப் போகலாம்னு வந்தேன். தலைமாட்டுல வைக்க ஒரு படம்கூட இல்லாம இருந்துச்சு. இதுல என்னை மட்டும் வெட்டி எடுத்துக்கோ. அதுக்குத்தான் தள்ளி நின்னேன்."

புதுப் பெட்டி வந்த வாரமே அவரும் வந்தார்.

தலைமாட்டில் அவள் அந்தப் படத்தை வைத்தாள். வெட்டவில்லை.

பக்கத்தில் நிற்கிற பெண் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்குக் கூடத்தில் யாரும் இருக்கவில்லை.